இருநூறு சிப்பாய்ச் சட்டை

வெட்டுக்கோட்டையில மேலண்டைத் தெருவும் கீழண்டைத் தெருவும் சேர்ற முக்குல, 'மரகதம் லேடீஸ் டைலர்'னு போர்டு போட்ட என் கடையில, என்னோட கட்டிங் மேசை மேல, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பத்தே காலுக்கு இருநூறு ஈயச் சிப்பாய்க்கு உசுரு வந்துச்சு. எப்படி வந்துச்சு, ஏன் வந்துச்சுன்னு என்கிட்டக் கேக்காதீங்க. வந்த உசுரை இந்த ஊரு என்ன பண்ணுச்சுங்கிறதைத்தான் நான் சொல்லுவேன், அதைச் சொல்லாம விட்டா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்.

என் வீட்டுக்காரரு ஞானசுந்தரம் மேலண்டைத் தெரு, ஸ்கூல்ல வரலாறு வாத்தியாரு. அவரு சிநேகிதரு அமலதாஸ் அண்ணனுக்குக் கீழண்டைத் தெரு, தபால் ஆபீஸ்ல வேலை. ரெண்டு பேருக்கும் தலை நரைச்சும் பொம்மை ஆசை நரைக்கலை. கொல்லையில அடுப்பு மூட்டி, சட்டியில ஈயத்தைக் காய்ச்சி, ஒரே அச்சுல ஊத்தி ஊத்தி, ஆளுக்கு நூறு சிப்பாயைச் செஞ்சு வச்சானுங்க, ஒவ்வொருத்தனும் மெஷின்ல நூல் சுத்துற பாபினு ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு வச்ச உயரம். ஞாயித்துக்கிழமையானா என் மேசையில இருக்கிற துணியெல்லாம் மூட்டை கட்டி மூலையில போட்டுட்டு, பச்சைப் பாவாடைத் துணியைப் புல்லுன்னு விரிச்சு, மேசைக்கு அந்தாண்ட ஒருத்தர் இந்தாண்ட ஒருத்தரா நின்னு, தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்குத் தகுந்தாப்பல என்னோட இஞ்ச் டேப்பால அளந்து அளந்து பொம்மையை நகர்த்துவானுங்க. கிட்டக்க வந்ததும் மறுபடி உருட்டி, இத்தனை பேரு செத்தான்னு படுக்க வைப்பானுங்க. ஆயிரத்து எழுநூத்துச் சொச்சத்துல இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் நம்ம கோட்டைக்காக அடிச்சுக்கிட்ட சண்டையாம் அது. ரெண்டு பக்கமும் துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு சாகிறதுக்கு நின்னது நம்ம ஊர்ப் பயலுங்கதான்னு இந்த மனுஷனே சொல்லுவாரு, சொல்லிட்டு உருட்டுவாரு.

பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கப் பார்த்தாரு, கை நடுங்கி, கண்ணு வைக்க வேண்டியது தாடையில போயி உக்காந்துச்சு. சரி, துணியில உடுப்பு போடலாம்னு என்கிட்ட வந்தாரு. "ரெண்டு படையும் மேட்சிங்கா இருக்கணும் மரகதம், ஒரு நூலு வித்தியாசம் வரக் கூடாது, அப்பத்தான் ஆட்டம் நியாயமா இருக்கும்"னு சொல்லிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டாரு. இருபத்திரெண்டு வருஷமா நான் காது புளிக்கக் கேட்ட வார்த்தை அது. பொம்பளைங்க புடவையைக் கொண்டாந்து போட்டு "அக்கா, மேட்சிங்கா"ன்னா, அதே கலருன்னு அர்த்தம், வேற அர்த்தம் எனக்குத் தெரியாது. அரக்குக் கலரு பாப்ளின்ல ஒன்றரை மீட்டர் எடுத்து, இருநூறு பேருக்கும் நகத்தளவு நகத்தளவா வெட்டி, பசை போட்டு ஒட்டி, வரிசையா நிறுத்தி வச்சேன். எனக்கே பாக்க ஆசையா இருந்துச்சு.

வந்து பார்த்தாரு பாருங்க, தலையில அடிச்சுக்கிட்டாரு. "அடி அறிவு கெட்டவளே, மேட்சிங்னா சமபலம்டி! நூறுக்கு நூறு! இப்ப எவன் என் ஆளு, எவன் அமலதாஸ் ஆளு?"

"மேட்சிங்னு சொன்னீங்க, மேட்சிங்காப் பண்ணேன். சமபலம்னு சொல்ல வரலாறு வாத்தியாருக்கு வாய் வலிச்சுதா?"

அமலதாஸ் அண்ணன்தான் நடுவுல பூந்து, "விடு ஞானம், தங்கச்சியைத் திட்டாத, இடத்தை வச்சு அடையாளம் பாத்துக்கலாம்"னு சொல்லி, மறுநாள் ஞாயித்துக்கிழமை ஆட்டத்தை ஆரம்பிச்சாரு. அவருதான் முதல்ல உருட்டுனாரு. ஆறு விழுந்துச்சு. இஞ்ச் டேப்பை இழுக்கிறதுக்குள்ள அவரு பக்கத்து முன்வரிசை தானா ஆறு இஞ்ச் நடந்து போயி நின்னுச்சு. எதிர்வரிசையும் உருட்டாமலே நடந்துச்சு. ரெண்டு வரிசையும் மேசை நடுவுல கிட்டக்கிட்ட வந்து, துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்த்துச்சுங்க. எதிர்ல பார்த்தா அதே மூஞ்சி, அதே மீசை, அதே அரக்குச் சட்டை. முன்னால நின்ன ஒருத்தன் துப்பாக்கியை இறக்கிட்டு, "ஏம்பா, நீயும் நம்மாளா?"ன்னான். "பின்ன?"ன்னான் எதிர்ல நின்னவன். அப்புறம் வெத்தலை இருக்குதான்னு கேட்டுக்கிட்டானுங்க, பாவாடைத் துணியில காலை நீட்டி உக்காந்துட்டானுங்க, அஞ்சு நிமிஷத்துல எவன் எந்தப் பக்கத்துல இருந்து வந்தான்னு செஞ்சவங்களுக்கே தெரியாம கலந்து போச்சு.

முதல் நாளு கடைவாசல்ல எள்ளு போட்டா எள்ளு விழாத கூட்டம். மூணாம் நாளு ஊருக்குப் பழகிப் போச்சு. கரண்ட்டு ரீடிங் எடுக்க வந்தவரு ரீடிங் எடுத்துட்டு, எட்டிப் பார்த்து, "சாப்பிட்டீங்களா தம்பிங்களா"ன்னு கேட்டுட்டுப் போனாரு. ரவிக்கை தைக்க வந்த பொம்பளைங்க ஆளுக்கொரு பேரு வச்சாளுங்க, ஏன்னா அவனுங்களுக்குப் பேரே கிடையாது, கேட்டா "அச்சுல எழுதலைங்களே"ன்னு சொல்லுவானுங்க. எவளுக்கு எந்த அண்ணன் தம்பி நெனப்போ அந்தப் பேரு. முதல்ல துப்பாக்கியை இறக்கினவனுக்கு நான் முனிரத்தினம்னு வச்சேன், கிணத்துல விழுந்து போன என் தம்பி பேரு. ஒரு கிண்ணம் சோத்துல இருநூறு பேரும் சாப்பிட்டு, பாட்டில் மூடியில தண்ணி குடிச்சு, "தையல்காரம்மா, சும்மா உக்காந்து தின்னா உடம்புக்கு ஆகாது, வேலை குடுங்க"ன்னு நிப்பானுங்க. நூலைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து, நுனியை ஊசிக் காதுக்குள்ள நுழைச்சு, அந்தாண்ட போயி இழுத்துருவான் ஒருத்தன். புடவை ஓரத்துல வரிசையா நின்னுக்கிட்டு, ஊசியைக் கைமாத்திக் கைமாத்தி, பாட்டுப் பாடிக்கிட்டே ஒரு மணி நேரத்துல ஃபால்ஸ் தைச்சு முடிப்பானுங்க. அந்த மாதிரி தையலு இந்தக் கையால நான் போட்டதில்லை. வீட்டுல நாலு வார்த்தை பேச ஆளில்லாத எனக்கு, சொன்னா நம்ப மாட்டீங்க, காலையில கடை ஷட்டரைத் தூக்கும்போது இருநூறு பேரு "வாங்கம்மா"ம்பானுங்க. அந்தப் பதினோரு நாளும் நான் சந்தோசமா இருந்தேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், ரொம்பச் சந்தோசமா இருந்தேன்.

இந்த ஊருக்குத்தான் பொறுக்கலை. ஆம்பளைங்க வந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னு நின்னு பார்த்துட்டு, "சண்டை எப்ப?"ன்னு கேக்க ஆரம்பிச்சானுங்க. ஊசியில நூலு கோக்கிற சிப்பாய் எதுக்கு, சிப்பாய்னா அடிச்சுக்கணும்ல, அடிச்சுக்காம ஒண்ணாச் சோறு தின்னா அவன் என்ன சிப்பாய்? மேலண்டைத் தெருவுக்காரனுங்க "எங்க வாத்தியாரு படைதான் ஜெயிச்சிருக்கும்"னானுங்க, கீழண்டைத் தெருவுக்காரனுங்க "எங்க அமலதாஸ் படையை அசைக்க முடியாது"ன்னானுங்க. தண்ணிக் குழாயில ஆரம்பிச்சு கோயில் வரைக்கும் ஆயிரம் வருஷமா மூஞ்சியைத் திருப்பிக்கிற தெருவுங்க ரெண்டும், அதுங்களுக்கு என் மேசை மேல ஒரு சாக்கு கிடைச்சுப் போச்சு.

கவுன்சிலர் தணிகாசலம் வந்தாரு, வெள்ளை வேட்டி, பின்னால எட்டுப் பேரு. மேசைப் பக்கம் குனிஞ்சு, முனிரத்தினத்தைப் பார்த்து, நம்ம ஊரே கேக்கிற அந்தக் கேள்வியைக் கேட்டாரு. "தம்பி எந்தப் பக்கம்?"

"இந்த மேசைதாங்க."

"அது தெரியுது. பூர்வீகம்?"

"ஈயச் சட்டிங்க."

"யாரு வீட்டுப் பையன்னு கேக்கிறேன்ல?"

"எல்லாரும் ஒரே அச்சுங்கய்யா"ன்னான் முனிரத்தினம், மரியாதையாத்தான் சொன்னான். தணிகாசலத்துக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. ஒரு ஆளுகிட்ட அந்தக் கேள்வியைக் கேட்டு பதில் வராம அவரு வெளிய போனதே கிடையாது.

ரெண்டு தெருவும் சேர்ந்து கூட்டம் போட்டாங்க. சேராத தெருவு ரெண்டும் இதுக்குச் சேர்ந்துச்சு பாருங்க! தாயக்கட்டையை இருநூறு தடவை உருட்டுறது, ஒத்தைப்படை விழுந்தா மேலண்டை, ரெட்டைப்படை விழுந்தா கீழண்டைன்னு முடிவாச்சு. என் வீட்டுக்காரரு உருட்ட, அமலதாஸ் அண்ணன் நோட்டுல எழுத, ஒவ்வொருத்தனா மேசையை விட்டுத் தூக்கித் தூக்கி வச்சாங்க. முனிரத்தினத்துக்கு அஞ்சு விழுந்துச்சு, மேலண்டை ஆயிட்டான். "ஏங்க, பிறந்த சட்டி ஒண்ணு, கட்டை உருட்டினதுக்கா அவனுங்களைப் பிரிக்கிறீங்க? மனசாட்சி இருக்குதா?"ன்னு கேட்டேன். "வரலாறே அப்படித்தாண்டி நடந்திருக்கு"ன்னாரு. அந்த மூஞ்சியில நாலு அறை விடணும் போல இருந்துச்சு.

அப்புறம் அடையாளத்துக்கு உடுப்பு. மேலண்டைக்கு நீலம், கீழண்டைக்கு மஞ்சள், தச்சுக் குடுன்னு வந்து நின்னாங்க. முடியாதுன்னேன். கெஞ்சினாங்க, முடியாதுன்னேன். கீழண்டைப் பொம்பளைங்க குடுத்த துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போனாளுங்க, மேலண்டைப் பொம்பளைங்க "புருஷனை மதிக்காதவ"ன்னு காதுபடச் சொன்னாளுங்க, இந்த மனுஷன் வீட்டுல தட்டை நகர்த்தி வச்சாரு. என்ன பண்ணினாலும் பண்ணிக்கோங்கன்னு நின்னேன். நான் தைக்கலைன்னா அவனுங்க அடிச்சுக்க மாட்டானுங்க, அவனுங்க உசுரு என் கத்திரிக்கோல்ல இருக்குதுன்னு எனக்குத் தெரியும்.

தணிகாசலம் தாட்பூட்னு குதிக்கலை. ஒரு டப்பா நீல எனாமல் பெயிண்டோட வந்தாரு. "நீ தைக்க வேணாம்மா, முக்கி எடுத்தாப் போச்சு"ன்னு சொல்லிட்டு, ஓரத்துல நின்ன ஒருத்தனை ரெண்டு விரலால எடுத்து, தலையோட முக்கி எடுத்து, மேசை மேல வச்சாரு. அவனுக்கு நாலாம் வீட்டு இந்திராணி 'குப்பன்'னு பேரு வச்சிருந்தா. மூக்கும் வாயும் பெயிண்ட்டு அடைச்சு, கையைக் காலை உதறி, அப்படியே விறைச்சு நின்னுட்டான். செத்தது அவருக்குத் தெரியவே இல்லை. "கலர் நல்லா ஏறுது"ன்னாரு.

அய்யோ, அந்தக் கணத்துல எனக்கு வந்த கோவத்துக்கு கத்திரிக்கோலை எடுத்து எங்கயாவது சொருகியிருக்கணும். சொருகலை. "டப்பாவைக் கீழ வைங்க. நான் தைக்கிறேன்"னேன்.

தைக்கிறேன்னு சொன்ன வாயோட ஒரு கணக்கும் போட்டுக்கிட்டேன். இருபத்திரெண்டு வருஷமா ரவிக்கை தைக்கிறவளுக்கு ஒண்ணு நல்லாத் தெரியும்: கையும் தோளும் சேர்ற கைக்குழி ஒரு நூல் பிடிச்சா, பொம்பளை கொடியில துணி காயப் போட முடியாது. கையைத் தோளுக்கு மேல தூக்க விடாது. துப்பாக்கியைத் தோள்ல வச்சு நீட்டணும்னா கை மேல வரணும்ல? நூத்துத் தொண்ணூத்தி ஒம்பது பேரையும் நிக்க வச்சு, பழைய அரக்குத் துணியை உரிச்சுட்டு, நூலால அளவெடுத்து, கழுத்து பிசிறில்லாம, காலர் நிமிர்ந்து நிக்க, கடுகு கடுகாப் பொத்தான் வச்சு, இடுப்புல நறுக்குன்னு பிடிச்சு, கைக்குழியை மட்டும் முடிஞ்ச வரைக்கும் இறுக்கி, பிரியாம இருக்க முப்பிரி நூல்ல ரெண்டு ஓட்டு ஓட்டினேன். சாப்பிடலாம், நடக்கலாம், ஊசி கோக்கலாம், சுட மட்டும் முடியாது. யாரு கிட்டயும் மூச்சு விடலை. என் பயலுங்களை நான் காப்பாத்திட்டேன்னு மனசுக்குள்ள குதிச்சேன்.

சட்டையைப் போட்டுக்கிட்டு அவனுங்க பட்ட பெருமை இருக்குதே! ஒட்டுத் துணியில இருந்தவனுங்க, அளவெடுத்துத் தச்ச உடுப்பை அதுக்கு முன்னால கண்டதே இல்லை. நாள் முழுக்க கண்ணாடி முன்னால நின்னானுங்க. மறுநாளு நீலமெல்லாம் ஒரு பக்கமாவும் மஞ்சளெல்லாம் ஒரு பக்கமாவும் நின்னு பார்த்துக்கிட்டானுங்க. அதுக்கு மறுநாளு தண்ணி மூடி ரெண்டு வேணும்னானுங்க. அப்புறம் ஊசியை மஞ்சள்காரன் தொட்டா நீலக்காரன் வாங்க மாட்டேன்னான், புடவை ஃபால்ஸ் பாதியில நின்னுச்சு, பாட்டு நின்னுச்சு. எப்பவும் அஞ்சாறு பேரு மேசை விளிம்புல நின்னுக்கிட்டு எதிர்ப்பக்கத்தையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு இருப்பானுங்க.

முனிரத்தினம் வந்து என் சுண்டுவிரலைத் தட்டினான். "தையல்காரம்மா, கைக்குழி பிடிக்குதும்மா."

"புதுசுல அப்படித்தான்டா இருக்கும். போடப் போட விட்டுக் குடுக்கும்."

"கையே தூக்க முடியலை. கொஞ்சம் பிரிச்சு விடுங்கம்மா."

"கையைத் தூக்கி என்ன பண்ணப் போற?"

"அவனுங்க என்ன பண்ணானுங்கன்னு உங்களுக்குத் தெரியாதும்மா."

"என்னடா பண்ணானுங்க? சொல்லு, என்ன பண்ணானுங்க?"

யோசிச்சான். உள்ளபடியே யோசிச்சான், நெத்தி சுருங்கிச்சு. "ஞாபகம் இல்லைம்மா. ஆனா பண்ணியிருப்பானுங்க"ன்னான். "போடா வேலையைப் பாரு"ன்னு துரத்தி விட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில சண்டை. மேசையைத் தூக்கி வாசல்ல போட்டானுங்க. மேலண்டை ஒரு பக்கம், கீழண்டை ஒரு பக்கம், மேளம் என்ன, விசில் என்ன, வடை சுட்டு வித்துக்கிட்டு ஒருத்தி, பந்தல் போட்டு மைக்கு கட்டி தணிகாசலம். என் வீட்டுக்காரரும் அமலதாஸ் அண்ணனும் மாலை போட்டுக்கிட்டு எதிர் எதிர்ல உக்காந்திருந்தாங்க, பேச்சு வார்த்தை இல்லை. முப்பது வருஷச் சிநேகிதம். நான் கடைப் படியில நின்னேன், உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டே நின்னேன்.

மேளம் நின்னுச்சு. ரெண்டு படையும் நடந்து வந்து நடு மேசையில நின்னுச்சு. "சுடு!"ன்னு தணிகாசலம் மைக்குல கத்தினாரு. நூத்துத் தொண்ணூத்தி ஒம்பது பேரும் கையைத் தூக்கினானுங்க, பாதிக்கு மேல வரலை. மறுபடி தூக்கினானுங்க, வரலை. தையல்னா தையல், முப்பிரி நூலு, ஒரு ஓட்டுகூட விட்டுக் குடுக்கலை. கூட்டம் ஊளையிட்டுச்சு. "ஏய், தூக்குடா!"ன்னு கத்தினானுங்க. நான் வாய் விட்டே சிரிச்சுட்டேன். தாராளமாத் தூக்குங்கடா, சாயங்காலம் வரைக்கும் தூக்குங்க!

முனிரத்தினம் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு அப்பத்தான் புரிஞ்சிருக்கணும். துப்பாக்கியைக் கீழ வச்சுட்டு, மேல இருந்து ஒவ்வொண்ணாப் பொத்தானைக் கழட்டினான். சட்டையை உருவி, உதறி, கையை உள்ள மடக்கி, நான் மடிக்கிற மாதிரியே மடிச்சு, மேசை ஓரத்துல வச்சான். பக்கத்துல நின்னவன் கழட்டினான். எதிர்ல நின்னவன் கழட்டினான். ரெண்டு பக்கமும் அத்தனை பேரும் கழட்டி, மடிச்சு, அடுக்கிட்டு, வெத்து ஈய உடம்போட திரும்பி வந்து கலைஞ்சு கலந்து நின்னானுங்க.

எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு, சந்தோசத்துல. நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை, அதே மூஞ்சி, அதே மீசை, அதே ஈயம். இனிமே எவன் எவனைத் தெரிஞ்சுக்கிட்டு எவனைச் சுடப் போறான், முடிஞ்சுதுடா சாமின்னு நினைச்சேன். பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது அந்தக் கூட்டத்துல, எனக்கும் தெரியலை, செஞ்ச ரெண்டு பேருக்கும் தெரியலை.

அவனுங்களுக்குத் தெரிஞ்சுது. ஒருத்தன்கூடத் தப்பாச் சுடலை. துப்பாக்கி தோளுக்கு ஏறுச்சு, ஊதுவத்திப் புகை மாதிரி புகை கிளம்புச்சு, குக்கரு மூணு விசிலு விடுற நேரம், அவ்வளவுதான், மேசை மேல நிக்க ஆளில்லை. கடைசி வரைக்கும் நின்னவன் முனிரத்தினம். முன்னொரு நாளு "ஏம்பா, நீயும் நம்மாளா?"ன்னு எவனைக் கேட்டானோ அவனா இருக்குமோ என்னமோ, எதிர்ல ஒருத்தன் மிச்சம் இருந்தான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சுட்டாங்க. நான் ஓடிப் போயி கையில எடுத்தேன். ஈயம்தான். சில்லுன்னு இருந்துச்சு.

கூட்டம் கை தட்டுச்சு. "டிரா"ன்னு என் வீட்டுக்காரரு நோட்டுல எழுதினாரு. வெளியூர்ல இருந்து வந்திருந்த பொம்பளை ஒருத்தி மடிச்சு வச்ச சட்டைங்களை எடுத்துப் பார்த்துட்டு, "ஒரு தையல்கூடப் பிரியலை, என்ன கை உனக்கு!"ன்னு என் கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சா. எனக்கு அவ கையைக் கடிக்கத் தோணுச்சு.

இன்னைக்குக் காலையில மேலண்டைத் தெருப் பயலுங்க முப்பது பேரு வந்து நின்னானுங்க, அவனுங்களுக்கு நீலத்துல சட்டை தைக்கணுமாம். கீழண்டைக்காரனுங்க மஞ்சத் துணி எடுத்துட்டானுங்களாம், நேத்தே பக்கத்து ஊரு டைலர்கிட்டக் குடுத்துட்டானுங்களாம். "அக்கா, சீக்கிரம் வேணும்க்கா"ன்னான் முன்னால நின்னவன்.

"சட்டை எதுக்குடா உங்களுக்கு?"ன்னு கேட்டேன். தெரு முழுக்கக் கேக்கிற மாதிரித்தான் கேட்டேன். "அதான் சட்டை இல்லாமலே தெரியுதே!"

பாவி சிரிச்சான். நான் ஏதோ தமாஷ் பண்றேன்னு நினைச்சுக்கிட்டான். அளவெடுக்கத் தோதா ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னான்.